நெய்தல் நிலத்தில் நாடோடிக் கோலம்!

மணவினை என்பது இருவர் ஒருவராகி வாழப்புகும் வாயில். அவ் வாயிலில் ஒருகாலத்தில் பொருள் விளங்கா வடமொழி மந்திரம் காவல் நின்றது. அக் காவலை அகற்றத் தமிழ்நிலம் நாற்பதாண்டுகள் போராடிற்று. 1928-ஆம் ஆண்டில் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் நடந்த தன்மதிப்பு மணம் அப் போராட்டத்தின் தொடக்கம். 1967-இல் அண்ணா முதலமைச்சராய் இருந்தபோது சட்டமன்றம் நிறைவேற்றி, 1968-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் அதன் வெற்றி. உற்றார் முன்னிலையில் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்றதாகச் சொன்னாலும், மாலை மாற்றினாலும், கணையாழி அணிவித்தாலும், தாலி கட்டினாலும் மணம் மணமே என்று அச் சட்டம் அறுதியிட்டது. அதனால் ஏழைத் தமிழன் கடனின்றி மணம் முடிக்க ஒரு வழி திறந்தது.

காவல் அகன்ற அவ் வாயிலில் இன்று வேறொருவன் வந்து நிற்கிறான். அவன் கையில் ஓமக் கரண்டியில்லை, படப்பொறி இருக்கிறது. அவன் வாயில் வடமொழியில்லை, ஆங்கிலம் இருக்கிறது. ‘பிரீ வெட்டிங் சூட்’ என்பது அவன் ஓதும் மந்திரம். பொருள் விளங்கிற்றோ இல்லையோ, தமிழன் தலையை ஆட்டுகிறான், பணப்பையைத் திறக்கிறான். அன்று நெருப்பை வலம் வரச் சொன்னார்கள், வந்தான். இன்று கடலலையில் ஓடச் சொல்கிறார்கள், ஓடுகிறான். ஏவுவோன் மாறினான்; ஏவலுக்கு ஆடுவோன் மாறவில்லை!

இந் நோய் செல்வர் மாளிகைகளோடு நின்றிருந்தால் கேலியோடு விட்டுவிடலாம். அது உழைப்பாளர் தெருக்களிலும் புகுந்துவிட்டது. 1856-இல் தென்னகத்தின் முதல் தொடர்வண்டி புறப்பட்ட இராயபுரம், ஈருருளி ஆலையும் உருளிப்பட்டை ஆலையும் தீப்பெட்டி ஆலையும் எழுந்த திருவொற்றியூர், சரக்குந்து ஆலையும் அனல்மின் நிலையமும் துறைமுகமும் சூழ்ந்த எண்ணூர் ஆகிய இவ் வடசென்னை ஊர்கள், வியர்வையால் வளர்ந்த ஊர்கள். இவ்வூர்களில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தந்தை முப்பதாண்டுகள் ஆலையில் உழைத்து ஓய்வுபெறப் போகிறவர். மகள் அக் குடும்பத்தில் முதன்முதல் பட்டம் பெற்றவள். மணம் உறுதியாகிறது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்குமுன்பே ஒளிப்படக்காரரின் விலைப்பட்டியல் வந்து சேர்கிறது. கோவாவா, அந்தமானா, மாலத்தீவா, பாலியா? இரண்டு நாளா, மூன்று நாளா? எத்தனை உடை? பறக்கும் படப்பொறி உண்டா? ‘போகீமியன்’ பாங்கா, அரசகுலப் பாங்கா? ‘அவர்கள் வீட்டில் எல்லாரும் எடுத்தார்கள்’ என்று மணமகன் வீட்டார் ஒரு சொல் சொல்கிறார்கள். அச் சொல்லின் எடையைத் தாங்க மாட்டாமல் தந்தையின் பணிக்கொடை குனிகிறது. வாழ்நாள் முழுதும் அவர் தாங்கிய ஆலைப்புகை, மூன்று நாள் கடற்கரைக் காற்றாய்க் கரைந்து போகிறது!

அந்தப் ‘போகீமியன்’ பாங்கு என்பதுதான் யாது? அதை வாங்குவோரும் அறியார்; விற்போரும் அறியார். போகீமியா என்பது இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி. பிராகு நகர் அதன் தலைமை. ஐரோப்பாவில் அலைந்து திரிந்த உரோமா மக்கள் அங்கிருந்து வந்தவர் எனத் தவறாக எண்ணிய பிரெஞ்சுக்காரர், அவர்களை அவ்வூர்ப் பெயரால் அழைத்தனர். பின்னர்ப் பாரிசு நகரில் வாடகை கொடுக்க வழியின்றி, குளிர்காய விறகின்றி, எழுத்தையும் ஓவியத்தையும் நம்பிக் கிடந்த ஏழை இளைஞர்களுக்கும் அப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்கள் வாழ்வை மூர்சே என்பார் 1851-இல் பொத்தகமாக்கினார். பூச்சினி 1896-இல் அதை இசைநாடகமாக்கினார். ஆக, வறுமையின் பெயர் அது. ஏழையாய்க் காட்சி தருவதற்குக் கடன் வாங்குகின்ற விந்தையை இவ் வுலகம் இதற்குமுன் கண்டதுண்டோ?

அந்த உரோமா மக்களின் முன்னோர் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன் புறப்பட்டவர் என மொழியாராய்ச்சி காட்டுகிறது. ஐரோப்பா அவர்களை விரட்டியது. இட்லரின் ஆட்சி அவர்களுள் நூறாயிரக்கணக்கானோரைக் கொன்றது. கொன்றவர்களின் கண்டமே இன்று அவர்களின் குஞ்சம் வைத்த பாவாடையையும் மணிமாலையையும் அழகென்று விற்கிறது. தமிழ்நாட்டுக்கு இஃது அயற்செய்தியன்று. பேருந்து நிலையங்களிலும் திருவிழாக்களிலும் பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவரைத் தமிழ்நாடு அறியும். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 திசம்பரில்தான் நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும் நிறைவேறிற்று. அவர்கள் கோத்த மணியை ஐந்து உருபா குறைத்துக் கேட்டு வாதாடும் கை, அதே போன்ற மணியைப் ‘போகீமியன்’ என்ற பெயரில் நூறு மடங்கு விலைக்கு வாடகை எடுக்கிறது. பெயர் ஆங்கிலமானால் பாசிமணியும் பவளமாகிவிடுமோ?

ஏனைய அணிகலன்களின் வரலாறும் இத்தகையதே. கூடைகூடையாய்க் கொண்டுவந்து மணலில் நடுகின்ற அந்த வெளிறிய உலர்புல், தென்னமெரிக்கப் புல்வெளிக்குரியது. கொம்பில் தொங்கவிடும் ‘கனவு வலை’, வட அமெரிக்காவின் ஒசிப்வே மக்கள் குழந்தையைத் தீக்கனவிலிருந்து காக்கத் தொட்டிலின்மேல் கட்டிய காப்பு. நூல் முடிச்சால் ஆன திரைக்கு வழங்கும் அயற்பெயர் அரபுச் சொல்லடியாய்ப் பிறந்தது; அக் கலையைக் கப்பலோட்டிகள் துறைதோறும் பரப்பினர். முடிச்சுக் கலைக்காகவா கடல் கடந்து போக வேண்டும்? காசிமேட்டுப் படகுத்துறையில் வெயிலில் அமர்ந்து, கால்விரலில் வலையை மாட்டிக்கொண்டு, கண் பாராமலே முடிச்சிடும் முதியவரின் விரல்களை இவர்கள் பார்த்ததில்லையா? கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லை ஆங்கிலமே கடன் வாங்கித் தன் அகரமுதலியில் வைத்திருக்கிறது. கட்டுமரத்தைத் தந்த கரையில் பிறந்தவன், கட்டுக்கதைப் பெயர்களைத் தேடி அலைகிறான்!

‘காதலரைக் கடற்கரையில் காண்பது தவறா?’ என்று சிலர் வினவுவர். தவறன்று, தமிழுக்கு அது புதுமையும் அன்று. உலக மொழிகள் பலவற்றிற்கு எழுத்தே தோன்றாத காலத்தில் கடலையும் கானலையும் காதலுக்கு உரிய நிலமாக்கி நெய்தல் எனப் பெயரிட்டது தமிழ். புன்னையும் ஞாழலும் தாழையும் அதன் மரங்கள். ஞாயிறு சாயும் எற்பாடு அதன் பொழுது. இரங்கல் அதன் உரிப்பொருள். ஐங்குறுநூற்றில் நெய்தலுக்கென நூறு பாடல்கள் பாடினார் அம்மூவனார். மணத்துக்கு முந்திய காதலைக் களவு என்றும், மணந்தபின் வாழும் வாழ்வைக் கற்பு என்றும் வகுத்து இரண்டுக்கும் இலக்கணம் சொன்னது தொல்காப்பியம். எனவே காதலை வெறுக்கும் குரல் தமிழின் குரலாகாது. காதலைக் கடைச்சரக்காக்குவதே இங்கு எதிர்க்கப்படுகிறது.

அகத்திணையில் ஒரு விதி உண்டு. காதலர் இன்னார் எனப் பெயர் சுட்டிப் பாடலாகாது என்பது அது. அரசனாயினும் அவன் காதலைப் பெயர் சொல்லிப் பாடினால் அப் பாட்டு அகத்திலிருந்து நீங்கிப் புறத்தில் சேரும். இருவர் உள்ளத்துள் நிகழ்வது இருவர்க்கே உரியது என்னும் நாகரிகத்தின் உச்சி அது. நற்றிணையின் 172-ஆம் பாடலில் ஒரு நெய்தல் நிலப் பெண் வருகிறாள். சிறுமியாய் விளையாடுகையில் மணலில் அழுத்திய புன்னை விதை முளைத்தது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தாள். அதை ‘உன் உடன்பிறந்தாள்’ என்று தாய் சொல்லிவிட்டாள். ஆதலால் அம் மரத்தடியில் காதலனோடு நகையாடவும் அவள் நாணுகிறாள். மரத்தின் முன் நாணியவளின் வழிவந்தவள் இன்று ஒளிப்படக்காரர், ஒப்பனையாளர், விளக்குப் பிடிப்போர், குடை பிடிப்போர் எனப் பதின்மர் முன்னிலையில் ‘இன்னும் நெருங்கி நில்லுங்கள், இன்னொரு முறை சிரியுங்கள்’ என்னும் ஆணைக்கு இணங்கி நிற்கிறாள். நாணம் பெண்ணுக்கு மட்டும் உரியதென்று இதற்குப் பொருளன்று. பக்கத்தில் அவளைப் போலவே ஏவலுக்கு ஆடி நிற்கும் ஆண்மகனுக்கும் இதே கேள்விதான். ஆணைக்குச் சிரித்த சிரிப்பு எவருடைய சிரிப்பு?

திருவொற்றியூர்க்காரருக்கு இன்னொரு கதையும் தெரியும். அவ்வூரில் சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், பிரியேன் என்று கோயிலுக்குள் சூளுரைக்க எண்ணினார். சங்கிலியாரோ மகிழமரத்தடியில் சூளுரைக்கச் சொன்னார். சூள் பொய்த்தது, சுந்தரர் ஊரெல்லை கடந்ததும் கண்ணொளி இழந்தார். பெரியபுராணம் கூறும் இக் கதையை நம்புவோரும் நம்பட்டும், நம்பாதோரும் இருக்கட்டும். அதன் உட்கிடை ஒன்றே: மணத்துக்குக் கரியாய் நிற்பது சொல், காட்சியன்று. படத்தில் எத்தனை ஒளி இருப்பினும், சொல் பொய்த்தவனின் வாழ்வு இருளே.

இனி, நெஞ்சைச் சுடும் வினா ஒன்று உளது. வடசென்னையின் வாயிற்படியிலேயே கடல் இருக்க, அவன் ஏன் பாலிக்கும் மாலத்தீவுக்கும் போகிறான்? ‘இங்குள்ள கரை அழகாயில்லை’ என்பான். உண்மை; அழகாயில்லைதான். அழித்தது எது? இக் கரையோரம் கடல்மணல் ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளையர் கட்டிய துறைமுகச் சுவர் அம் மணலைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணலின்றி இராயபுரமும் திருவொற்றியூரும் கடலரிப்புக்கு இரையாயின. தென்சென்னை உலாவும் மணல் வடசென்னை இழந்த மணல்! வீடிழந்த மீனவருக்குக் கருங்கல் குவியலும் தூண்டில் வளைவுமே எஞ்சின. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் சாம்பல் படிந்தது. 2017 சனவரி 28-இல் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கியபோது, அதை வாளியால் அள்ளினார்கள். 2023 திசம்பரில் மிச்சாங்கு புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கொற்றலையாற்றில் கலந்து கழிமுகத்தைக் கறுப்பாக்கியபோது, மீனவர் வெறுங்கையால் அள்ளினர். அம் மாதமே 26-ஆம் நாள் இரவில், கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அமோனியா, உறங்கிய மக்களைத் தெருவுக்கு விரட்டிற்று.

தன் கடலைப் பறிகொடுத்தவன் அதை மீட்கக் குரல் கொடாமல், அயலான் கடலை மூன்று நாள் வாடகைக்கு எடுத்து அதன்முன் நின்று சிரிக்கிறான். இதுவே இவ் வழக்கத்தின் பெருங்கேடு. செலவு கேடுதான், பெயர் கேடுதான், இவ் விரண்டினும் பெருங்கேடு இந்த மறதி. எண்ணெய் படிந்த கரையில் படமெடுக்க முடியாதென்று அறிந்தவனுக்கு, எண்ணெய் படிந்த கரையில் மீன்பிடிக்கவும் முடியாதென்பது ஏன் உறைக்கவில்லை?

‘எங்கள் பணம், எங்கள் விருப்பம்’ என்பாருக்கு: பணம் உங்களுடையதாயின் விருப்பமும் உங்களுடையதாகட்டும். பிறர் விலைப்பட்டியலில் அச்சிட்டு வந்த விருப்பம் உங்களுடையதன்று. ‘நினைவுக்கு ஒரு படம் வேண்டாமா?’ என்பாருக்கு: வேண்டும். பாட்டனும் பாட்டியும் நாற்காலியில் விறைத்தமர்ந்து எடுத்த ஒரே கருப்பு வெள்ளைப் படம் ஐம்பதாண்டுகளாய்ச் சுவரில் இருக்கிறது. நினைவுக்கு அது குறைவாயிற்றா? ‘ஒளிப்படக் கலைஞர் பிழைப்பு என்னாவது?’ என்பாருக்கு: அவர்கள் தமிழ்நாட்டு இளைஞர்கள், பிழைக்கட்டும், நன்றாய்ப் பிழைக்கட்டும். மணமுன் படம் எனத் தமிழில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைக்கட்டும். வானூர்திக்கும் அயல்நாட்டு விடுதிக்கும் போகும் பணத்தில் ஒரு பகுதி அவர்களுக்கே கூலியாய்ச் சேரட்டும்.

மணமக்கள் படமெடுக்க விரும்பின் அவர்களுக்கு வழி இருக்கிறது. காஞ்சியின் பட்டோ சின்னாளப்பட்டியின் நூற்சேலையோ உடுத்தி, காசிமேட்டில் படகுகள் திரும்பும் விடியலில் நிற்கட்டும். படகுக்காரரிடம் இசைவு கேட்டு, வலை பின்னுவோருக்கு உரிய கூலி கொடுத்து நிற்கட்டும். நரிக்குறவர் மணிமாலையை அவர்கள் சொல்லும் விலைக்கே வாங்கி அணியட்டும். திருவொற்றியூர்க் கரையில் ஒரு புன்னைக் கன்று நட்டு அதனருகில் நிற்கட்டும். பின்புலத்தில் ஆலைப் புகைபோக்கி தெரியுமாயின் தெரியட்டும்! அப் புகையில் உழைத்துத்தான் பெண்ணின் தந்தை அவளைப் படிக்க வைத்தார். அதை மறைக்கும் படம் பொய்ப்படம். அதைக் காட்டும் படமே குடும்பத்தின் மெய்ப்படம்.

அந்தப் பணிக்கொடை வங்கியிலேயே இருக்கட்டும். முதுமையில் அவருக்கு மருந்து வாங்க அது வேண்டும். அயல்மணலில் ஓடி எடுத்த படத்தை நாளை எவரும் திரும்பிப் பாரார். கடன் கேட்டு வருபவன் மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்து கதவைத் தட்டுவான். இரவல் கோலம் களைந்து, சொந்தக் கரையில் சொந்தப் பெயரோடு நிற்கும் துணிவைத் தமிழ் மணமக்கள் பெறுவார்களாக!