சாக மறுக்கும் செல்கள்: கேன்சர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்? மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து வந்துவிட்டதா?

திண்டிவனம் - புதுச்சேரி சாலையை ஒட்டிய இரும்பை, வானூர் பகுதி மக்களுக்குக் கேன்சர் என்றதும் நினைவுக்கு வருவது கோரிமேடு ஜிப்மர்தான். அங்கே சிகிச்சை பெறுபவர்களில், சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் உள்ள பலருக்குத் தினசரி மாத்திரைதான் முக்கிய சிகிச்சை. பெயர் இமாட்டினிப். சில மாதங்களில் உடம்பு தேறிவிடும். சிக்கலே அப்போதுதான் ஆரம்பிக்கிறது. "நல்லாத்தானே இருக்கேன், இனிமே எதுக்கு மாத்திரை?"

பதில் செல்லுக்குள் இருக்கிறது.

செல்லுக்கு யார் கட்டளை போடுவது?

பழுதான செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். உடம்பின் ஏற்பாடு அப்படி. வளரு, பெருகு, செத்துப்போ என்ற கட்டளைகள் புரதம் விட்டுப் புரதம் கைமாறிச் செல்லின் கருவுக்குப் போகும். இந்தத் தொடருக்குத்தான் சிக்னல் பாதை என்று பெயர்.

சி.எம்.எல். நோயில் 9-வது, 22-வது குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதில் பிறக்கும் பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதம், சுவிட்ச் உள்ளேயே மாட்டிக்கொண்ட காலிங் பெல் மாதிரி. யாரும் அழுத்தாமலே 'பெருகு, சாகாதே' என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

அந்தப் புரதம் சக்தி பெறும் இடத்தில் போய் உட்கார்ந்து, அதை முடக்குகிறது இமாட்டினிப். பெல் நிற்கும், ஆனால் வயரிங் கோளாறு அப்படியேதான் இருக்கும். ரத்தத்தின் மூலச் செல்கள் சிலவற்றில் நோய் பதுங்கியிருக்கும். மாத்திரையை விட்டுவிட்டால் பெல் திரும்ப அடிக்க ஆரம்பிக்கும். பல வருடங்கள் மாத்திரை எடுத்து, பரிசோதனையில் பிசிஆர்-ஏபிஎல் மிக மிகக் குறைந்த அளவிலேயே நீடிப்பவர்களில் சிலருக்கு மட்டும், டாக்டர் கண்காணிப்பில் நிறுத்திப் பார்ப்பது உண்டு.

சென்னையில் தொடங்கிய வழக்கு

இந்த மாத்திரை சாதாரண ஜனங்களுக்குக் கிடைப்பதில் சென்னைக்கும் பங்கு உண்டு. நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006-இல் சென்னை காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்த மனுவை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை தர மறுத்துவிட்டது. நோவார்ட்டிஸ் மருந்து மாதத்துக்கு சுமார் 1.2 லட்சம் ரூபாய், இந்திய நிறுவனங்களின் மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய் வரை என்பதுதான் அப்போது பேசப்பட்ட கணக்கு.

மைக்ரோ ஆர்.என்.ஏ. எங்கே வருகிறது?

சிக்னல் பாதை ஆக்சிலேட்டர் என்றால், இது பெரும்பாலும் பிரேக். சுமார் 22 எழுத்து நீளமுள்ள துணுக்கு; புரதம் தயாரிக்கச் சொல்லும் கட்டளைத் தாளில் ஒட்டிக்கொண்டு தயாரிப்பைக் குறைத்துவிடும். 1993-இல் 1 மில்லிமீட்டர் புழுவில் இதைக் கண்டுபிடித்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024 நோபல் பரிசு கிடைத்தது.

சி.எல்.எல். என்ற இன்னொரு ரத்தப் புற்றுநோயில் மிர்-15, மிர்-16 என்ற இரண்டு பிரேக்குகள் பலருக்குக் காணாமல் போவது 2002-இல் தெரியவந்தது. அவை அடக்கி வைத்திருந்தது, செல்லைச் சாகவிடாத பிசிஎல்-2 புரதத்தை. பிரேக் போனதும் அது கூடிவிடுகிறது, செல்லும் சாகாமல் தங்கிவிடுகிறது.

அப்படியானால் காணாமல் போன துணுக்கை ஊசியில் ஏற்றிவிடலாமே? மிர்-34-இன் நகலை வைத்து அமெரிக்காவில் முயன்றார்கள். நோயெதிர்ப்பு மண்டலம் கடுமையாக எதிர்வினை காட்டி, நோயாளிகள் சிலர் உயிரிழந்தனர். 2016-இல் சோதனை நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு, பிசிஎல்-2 புரதத்தை நேரடியாக முடக்கும் வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரைக்கு அங்கே அனுமதி கிடைத்தது.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வையே மருந்தாகக் கொடுக்கும் கேன்சர் சிகிச்சை எதற்கும் இதுவரை அனுமதி இல்லை. நோபல் பரிசைக் காட்டி யாராவது பணம் கேட்டால், ஜிப்மர் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.