அந்தக் கடிதத்தை வெளியிடுங்கள்

2022 ஜனவரி முதல் செப்டம்பர் வரை, தொடர்ந்து மூன்று காலாண்டுகள், சில்லறைப் பணவீக்கம் அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பான 6 சதவீதத்துக்கு மேலேயே நின்றது. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 2016 திருத்தப்படி இது தோல்வி. இலக்கு ஏன் தவறியது, என்ன பரிகாரம், எப்போது சரியாகும் என்று வங்கி மத்திய அரசுக்கு எழுதித் தர வேண்டும். நவம்பர் 3ஆம் தேதி வட்டியைத் தீர்மானிக்கும் அதன் நாணயக் கொள்கைக் குழு இதற்கென்றே கூடியது. கடிதமும் போனது.

பெறுநர் கைக்குச் சேருமுன் வெளியிடத் தமக்கு அதிகாரமில்லை என்றார் அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸ். நியாயம்தான். சேர்ந்த பிறகு? வெளியிடச் சட்டத்தில் வழியில்லை என்று நாடாளுமன்றத்திலேயே கைவிரித்தது அரசு. வெளியிடக் கூடாதென்றும் கடிதம் கோரும் அந்தச் சட்டப் பிரிவு சொல்லவில்லையே!

தோல்வியின் விலையைக் கட்டியவர்கள் கடன் வாங்கியவர்கள். பணவீக்கத்தை அடக்க, 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதிக்கும் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. இருபது ஆண்டுகளில் அடைக்க வேண்டிய 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கடனுக்கு வட்டி 6.5இலிருந்து 9 சதவீதமானால், மாதத் தவணை ஏறத்தாழ 4,600 ரூபாய் கூடும். தவணையை ஏற்றாமல் ஆண்டுகளை நீட்டிய வங்கிகளும் உண்டு. பணி ஓய்வுக்குமுன் முடியவேண்டிய கடன் அதற்கப்பாலும் துரத்தியது. வட்டியை உயர்த்தியதே தவறு என்பதல்ல நம் வாதம். இலக்கு தவறியதற்கு உக்ரைன் போர்தான் காரணமா, வங்கி தாமதமாக விழித்ததா? கட்டுகிறவருக்கு இதைக் கேட்க உரிமை உண்டு.

கடிதத்தை வெளியிட்டால் சந்தை கலங்கிவிடுமாம். குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் எப்படி வாக்களித்தார், ஏன் என்பதெல்லாம் பதினான்காம் நாள் வெளியாகிறது. அதற்குக் கலங்காத சந்தையா இதற்குக் கலங்கும்? பிரிட்டனில் 2007இல் மத்திய வங்கி ஆளுநர் மெர்வின் கிங் நிதியமைச்சருக்கு எழுதிய விளக்கக் கடிதம் பகிரங்கமாகவே வந்தது. பொருளாதாரம் நொறுங்கி எழுந்த இலங்கையில்கூட, 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டப்படி, இலக்கு தவறினால் அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும். மக்களுக்கும் கிடைக்க வேண்டும்.

வட்டி விகிதம் அரசியல்வாதிகளின் கைக்குப் போகக் கூடாது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ரிசர்வ் வங்கியின் தோல்வி அறிக்கையை அரசு மட்டும் படித்துப் பூட்டி வைப்பது வங்கியின் தன்னாட்சியைக் காக்காது. ஆளுங்கட்சிக்குத்தான் பிடி கொடுக்கும்.

2022 கடிதத்தை அரசு உடனே வெளியிட வேண்டும். இனி இத்தகைய அறிக்கை எதுவானாலும் ஒரு மாதத்துக்குள் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும் என்று சட்டத்தைத் திருத்த வேண்டும். அதற்கான மசோதாவை அரசு கொண்டுவராவிட்டால், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தனிநபர் மசோதாவாகவாவது கொண்டுவரட்டும்.