சீன உபாத்தியாயரும் இங்கிலீஷ் பிள்ளைகளும்

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதிலும், வகுப்பில் அவர்களை ஒழுங்காய் வைத்திருப்பதிலும் சீனர் முறை மேலானதா, பிரிட்டிஷார் முறை மேலானதா என்று சில காலமாக ஒரு விவாதம் நடந்து வருகின்றது. சீனர் முறையே மேல் என்பவர்கள் பரீட்சை மார்க்கைக் காட்டுகிறார்கள். பிரிட்டிஷார் முறையே மேல் என்பவர்கள் பிள்ளையின் சுதந்திரத்தைக் காட்டுகிறார்கள். இவ்விரு கட்சியாரும் விஷயத்தில் பாதியை மாத்திரம் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள் என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் நடந்த சங்கதியைச் சொல்லுவோம். 2015-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் ஜில்லாவிலுள்ள போஹண்ட் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 50 பேரை 5 சீன உபாத்தியாயர்களிடம் 4 வாரம் ஒப்படைத்து, அதைப் பி.பி.சி. ஸ்தாபனத்தார் டெலிவிஷனில் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு வயது 13, 14. காலையில் தேகப்பயிற்சி, பிறகு 50 பேரும் ஒரே அறையில் உட்கார வேண்டும், உபாத்தியாயர் பலகையில் எழுதிப் பேச, பிள்ளைகள் அதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், தினம் 12 மணி நேரம் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தங்களுக்குள் பேசிச் சிரித்தார்கள், சலித்துக்கொண்டார்கள். உபாத்தியாயர்களோ இப்படிப்பட்ட அடங்காத வகுப்பைக் கண்டதில்லை என்று திகைத்தார்கள். ஆனால் கடைசியில் பரீட்சை வைத்துப் பார்த்தபோது, சீனர்களிடம் படித்த பிள்ளைகளே கணக்கிலும், விஞ்ஞானத்திலும், சீன பாஷையிலும் மற்றவர்களைவிடச் சுமார் நூற்றுக்குப் பத்து அதிகமாக வாங்கியிருந்தார்கள்.

இதைக் கண்டு ஒரு சாரார் “பார்த்தீர்களா, அடக்கம் இருந்தால்தான் படிப்பு வரும்” என்றார்கள். நாம் கேட்கிறோம்: 12 மணி நேரம் படித்தவனையும் வழக்கமான நேரம் படித்தவனையும் பக்கத்தில் நிறுத்தி, இதில் ஜெயித்தது அடக்கந்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஜெயித்தது நேரமாகவும் இருக்கலாம் அல்லவா?

நிற்க, அடக்கம் என்றாலே பிரம்பு என்றும், சீனன் அடிக்கிறான், வெள்ளைக்காரன் அடிப்பதில்லை என்றும் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று சீனா கட்டாயக் கல்விச் சட்டத்தில் எழுதி அமலுக்குக் கொண்டு வந்தது 1986 ஜூலை 1-ந் தேதி. அதே ஜூலை மாதம் 22-ந் தேதி பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் பிரம்பை ஒழிக்கும் தீர்மானம் எத்தனை வோட்டில் நிறைவேறிற்று தெரியுமா? 231-க்கு 230. ஒரே ஒரு வோட்டு! அதுவும் சர்க்கார் பணம் பெறும் பள்ளிக்கூடங்களுக்குத்தான். பணக்காரர் பிள்ளைகள் படிக்கும் தனிப் பள்ளிக்கூடங்களில் பிரம்பு ஒழிய இங்கிலாந்தில் 1999 வரையிலும், வட அயர்லாந்தில் 2003 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. சீனாவிலும் சட்டம் எழுதியவுடன் அடி நின்றுவிடவில்லை. 2021 மார்ச்சில் அமலுக்கு வந்த விதிகளிலும் அடிக்கக்கூடாது, அவமானமாய்ப் பேசக்கூடாது என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. குற்றம் செய்த பிள்ளையை வகுப்பில் நிற்க வைக்கலாம். அதுவும் ஒரு பாட நேரத்துக்கு மேல் கூடாது என்பது அவ்விதி. ஆகவே பிரம்பைக் கொண்டு இவ்விரு தேசத்தையும் பிரித்துப் பார்ப்பது சரியல்ல.

அப்படியானால் உண்மையான வித்தியாசம் எங்கே இருக்கிறது? பிள்ளைக்குப் படிப்பு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு உபாத்தியாயர் சொல்லும் பதிலில் இருக்கிறது. பிரிட்டனில் வெகுகாலமாய்ச் சொல்லி வந்த பதில், “அவனுக்கு இயற்கையிலேயே அவ்வளவுதான் புத்தி” என்பது. 1944-ம் வருஷத்துக் கல்விச் சட்டத்திற்குப் பிறகு, 11 வயதில் ஒரு பரீட்சை வைத்து, தேறினவன் உயர்ந்த பள்ளிக்கூடத்துக்கும் தேறாதவன் மட்டமான பள்ளிக்கூடத்துக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். புத்தி பெரும்பாலும் பிறவியிலேயே வருகிறது என்று இதற்கு விஞ்ஞான முலாம் பூசியவர் சிரில் பர்ட் என்னும் பெரிய மனோதத்துவ நிபுணர். அவர் 1971-ல் இறந்த பிறகு, இரட்டைப் பிள்ளைகளைப் பற்றி அவர் காட்டிய கணக்குகள் பொய்யாய்ச் சிருஷ்டித்தவை என்ற குற்றச்சாட்டு 1976-ல் பகிரங்கமாய் எழுந்தது. இன்றைக்கும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் அத்தகைய சர்க்கார் பள்ளிக்கூடங்கள் இங்கிலாந்தில் 160-க்கு மேல் இருக்கின்றன. தலையெழுத்து என்பதைப் பிரமன் எழுதினால் என்ன, மனோதத்துவ நிபுணர் எழுதினால் என்ன? எழுதப்பட்ட தலைக்கு இரண்டும் ஒன்றுதானே!

ஷாங்காய் நகரத்து ஆரம்பப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர் சொல்லும் பதில் வேறு. “அவன் இன்னும் பாடுபட வேண்டும், நான் இன்னும் விளங்கச் சொல்ல வேண்டும்” என்பதே அது. அங்கே கெட்டிக்காரன், மந்தன் என்று மேஜை மேஜையாய்ப் பிரிக்காமல் வகுப்பு முழுவதும் ஒரே பாடத்தை ஒன்றாகப் படிக்கிறது. பின்தங்கிய பிள்ளைக்கு அன்றைக்கே தனியாய்ச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. உபாத்தியாயருக்குத் தினம் இரண்டு பாடந்தான். மிச்ச நேரமெல்லாம் நோட்டுத் திருத்துவதும், ஒருவர் பாடத்தை ஒருவர் பார்த்துக் குறை சொல்லித் திருத்திக்கொள்வதுமாகும். 2012-ல் நடந்த சர்வதேசப் பரீட்சையில் கணக்கில் ஷாங்காய் 613, பிரிட்டன் 494 வாங்கின. ஷாங்காய் சீனா முழுவதும் ஆகாது என்பதும், வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளுக்குக் குடும்பப் பதிவு முறை பல கதவுகளை அடைத்தது என்பதும் வாஸ்தவமே. என்றாலும் பிரிட்டிஷ் சர்க்கார் 2014 முதல் உபாத்தியாயர்களை ஷாங்காய்க்கு அனுப்பியும், அங்குள்ளவர்களை வரவழைத்தும், 2016-ல் 8,000 ஆரம்பப் பள்ளிகளில் அம்முறையைப் பரப்ப 4 கோடியே 10 லட்சம் பவுன் ஒதுக்கியும் இருக்கிறார்கள்.

“அது சீனனுடைய சுபாவம், நமக்கு ஒத்து வராது” என்பவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறோம். சென்னையில் திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படித்ததைப் பார்த்துத்தான் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் ஒரு முறையை வகுத்து, 1797-ல் லண்டனில் புத்தகமாய் வெளியிட்டார். அது “சென்னை முறை” என்ற பெயராலேயே இங்கிலாந்தெங்கும் பரவிற்று. போதனா முறைக்குத் தேசமும் கிடையாது, பிறப்பும் கிடையாது.

ஆனால் சீனர் முறையை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லவும் நாம் தயாராயில்லை. பிறப்பைவிடப் பரீட்சையே பெரிது என்று சொல்லிக்கொண்ட அவர்களுடைய பழைய அரசாங்கப் பரீட்சை, 1905-ல் ஒழியும் வரையில் சுமார் 1,300 வருஷம் நடந்தும் அதில் ஒரு பெண்ணுக்காவது இடமிருந்ததா? பெரியோர் எழுதியதை மனப்பாடம் செய்தவனுக்கல்லாமல், அதை மறுத்துக் கேட்டவனுக்கு உத்தியோகம் கிடைத்ததா? இன்றைக்கும் காலேஜ் பிரவேசப் பரீட்சைக்கு 2024-ல் மாத்திரம் 1 கோடியே 34 லட்சம் பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். பாரம் தாங்காமல் 2021-ல் சீன சர்க்காரே 1, 2-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்து வீட்டுக்கு அனுப்பக்கூடாதென்று உத்தரவு போட்டார்கள். 50 பேர் மௌனமாய் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது பார்வைக்கு ஒழுங்காய்த்தான் இருக்கும். அவர்களில் எத்தனை பேருக்கு விளங்கிற்று என்பதை மௌனத்தைக் கொண்டு எப்படி அறிவது?

ஆகவே ஒரு வகுப்பு ஒழுங்கானதா என்று பார்க்க விரும்புகிறவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும். “எனக்கு விளங்கவில்லை, ஏன் அப்படி?” என்று ஒரு பிள்ளை பயமில்லாமல் எழுந்து கேட்க முடிகிறதா என்பது ஒன்று. அப்படிக் கேட்ட பிள்ளைக்கு எப்படியும் விளங்கும் என்று உபாத்தியாயர் நம்புகிறாரா என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் சீன வகுப்பறை தவறுகிறது. இரண்டாவது கேள்வியில் பிரிட்டிஷ் வகுப்பறை தவறுகிறது. கேட்க விடாமல் வாயை அடைப்பதும், கேட்டவனை மந்தன் என்று ஒதுக்குவதும் பிள்ளையின் அறிவைக் கொல்லுவதில் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. இரண்டு கேள்விக்கும் “ஆம்” என்று பதில் சொல்லக்கூடிய உபாத்தியாயர் எந்தத் தேசத்தில் இருந்தாலும் அவரே நல்ல உபாத்தியாயர். அவருக்குப் பிரம்பும் வேண்டியதில்லை, 12 மணி நேரமும் வேண்டியதில்லை.