குளோரி: சம்பளம் தராதவர்களின் செல்லச் சொல்

லூயிஸ் கரோல் 1871-இல் எழுதிய 'த்ரூ த லுக்கிங் கிளாஸ்' கதையில் ஹம்ப்டி டம்ப்டி என்று ஒரு முட்டை மனிதர் வருவார். ஆலிஸிடம் பேசிக்கொண்டே இருப்பவர், சம்பந்தமே இல்லாமல் 'குளோரி' என்று ஒரு சொல்லைப் போடுவார். அர்த்தம் கேட்டால், எதிராளியை ஒரே அடியில் மடக்கும் வாதமாம்! அந்தச் சொல்லுக்கு அப்படிப் பொருள் கிடையாதே என்று ஆலிஸ் மறுத்தாலும் விடமாட்டார். தான் வைப்பதுதான் பொருள் என்று சாதிப்பார். ஆனால் அந்த முட்டையிடம் ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு சொல்லை அதிகமாக வேலை வாங்கினால் கூடுதல் கூலி கொடுத்துவிடுவார். சனிக்கிழமை ராத்திரி சொற்கள் எல்லாம் சம்பளம் வாங்க அவரிடம் வருமாம்.

நிஜ உலகில் 'குளோரி'யைக் காட்டி வேலை வாங்குகிறவர்களுக்கு அந்த முட்டையின் நேர்மைகூடக் கிடையாது.

இந்த ஒரு சொல் சுமக்கும் பொருள்களைப் பாருங்கள். லத்தீனில் 'குளோரியா' என்றால் புகழ். பைபிளுக்குப் போனால் இறைவனின் பேரொளி. தமிழில் அதைப் புராட்டஸ்டண்டுகள் 'மகிமை' என்கிறார்கள், கத்தோலிக்கர்கள் 'மாட்சி' என்கிறார்கள். அந்த இடங்களில் வரும் எபிரேயச் சொல் 'காவோத்'. அதன் வேர்ப்பொருள் எடை, கனம். 'கனம் கோர்ட்டார் அவர்களே' என்று நம்மூரில் சொல்வதும் அதே ரகம்தான். அமெரிக்கக் கொடிக்குச் செல்லப்பெயர் 'ஓல்டு குளோரி'. காலையில் பூத்துச் சீக்கிரமே வாடிவிடும் பூவுக்கு 'மார்னிங் குளோரி'. 1688-இல் இங்கிலாந்தில் ராஜா மாறியதற்கு 'குளோரியஸ் ரெவல்யூஷன்' என்று பெயர். அங்கே ரத்தம் அதிகம் சிந்தவில்லை என்பது பெருமை. அதே சண்டையின் தொடர்ச்சியாக 1690, 1691-இல் அயர்லாந்தில் ஆயிரக்கணக்கில் செத்தார்களே, அது யார் கணக்கு? லண்டன் பேரேட்டில் அந்தச் செலவு ஏறவே இல்லை.

இயற்பியலிலும் ஒரு குளோரி இருக்கிறது. விமான ஜன்னல் வழியாகக் கீழே மேகத்தின் மேல் விழும் விமானத்தின் நிழலைப் பார்த்தால், சில சமயம் அதைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரியும். மலை உச்சியில் நின்று கீழே மூடுபனியில் விழும் நிழலைப் பார்ப்பவருக்கும் தெரியும். இதில் விசேஷம் என்னவென்றால், அந்த வளையம் அவரவர் தலையின் நிழலைச் சுற்றி மட்டும்தான் அவரவருக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவர் தலையைச் சுற்றித் தெரியாது. எவ்வளவு பொருத்தமான பெயர்!

சரி, கணக்குக்கு வருவோம்.

1989-இல் 'குளோரி' என்ற பெயரிலேயே ஒரு ஹாலிவுட் படம் வந்தது. டென்சல் வாஷிங்டனுக்குச் சிறந்த துணை நடிகர் ஆஸ்கர் வாங்கித் தந்த படம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பினத்தவரைக் கொண்டு திரட்டப்பட்ட 54-ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவின் கதை. 1863 ஜூலை 18 அன்று, தென் கரோலினாவில் வாக்னர் கோட்டை மீது சுமார் 600 பேர் பாய்ந்தார்கள். செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் என்று கிட்டத்தட்ட பாதிப் பேர் போனார்கள். வெள்ளையரான தளபதி ராபர்ட் கூல்ட் ஷாவும் அங்கேயே விழுந்தார். அவருக்கு வயது 25. கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. படம் அங்கேயே, வீர மரணத்தோடு முடிந்துவிடுகிறது.

இந்தச் சிப்பாய்களைப் படையில் சேர்க்கும்போது சொன்ன சம்பளம், வெள்ளையருக்குச் சமமாக மாதம் 13 டாலர். கொடுக்க வந்தது 10. அதிலும் உடுப்புக்கு 3 பிடித்தம். ஆக கையில் 7. வெள்ளைச் சிப்பாய்க்கு 13 டாலர் முழுசாக, உடுப்புப் படி தனி. குண்டு மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே குண்டு.

54-ஆவது படைப்பிரிவு அந்தப் பணத்தைத் தொடவில்லை. இந்த மறுப்பைப் படமும் காட்டுகிறது. ஆனால் வாக்னர் சண்டைக்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் அது நீண்டதைக் காட்டவில்லை. குறையும் பணத்தைத் தானே போட்டுத் தருகிறேன் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் முன்வந்தது. அதையும் வேண்டாம் என்றார்கள். அப்பிரிவின் ஜேம்ஸ் ஹென்றி கூடிங் 1863 செப்டம்பரில் அதிபர் லிங்கனுக்கே கடிதம் எழுதினார். நாங்கள் சிப்பாய்களா, கூலிகளா என்பதுதான் அவர் கேள்வி. 1864 ஜூனில் காங்கிரஸ் சமச் சம்பளச் சட்டம் போட்டது. கூடிங் அடுத்த மாதமே எதிரியின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்தார். தென் கரோலினாவின் இன்னொரு கறுப்பினப் படைப்பிரிவில் சார்ஜண்ட் வில்லியம் வாக்கர், இதே சம்பளப் பிரச்சினைக்காகத் துப்பாக்கியைக் கீழே வைத்துப் போராடினார். கலகம் என்று சொல்லி 1864 பிப்ரவரியில் சொந்த ராணுவமே சுட்டுக் கொன்றது.

பணம்தான் தரவில்லை, குளோரியாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? வாக்னரில் காயத்தோடு கொடியைக் காப்பாற்றிய வில்லியம் கார்னிக்கு மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது 1900-இல். 37 வருஷம் கழித்து! பாஸ்டனில் 1897-இல் திறந்த நினைவுச் சின்னத்தில் குதிரைமேல் ஷா, பக்கத்தில் நடக்கும் கறுப்புச் சிப்பாய்கள். பின்பக்கம் இறந்த வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள். இறந்த கறுப்புச் சிப்பாய்களின் பெயர்களைப் பொறிக்க 1980-களின் தொடக்கம் வரை ஆனது.

'வீரத்தைப் போய் டாலரில் எடை போடலாமா?' என்று சிலர் வருவார்கள். எடை போட்டது அந்தச் சிப்பாய்கள்தான் ஐயா. பணத்தாசை என்றால் மாசசூசெட்ஸ் நீட்டியதை வாங்கியிருப்பார்களே? 13-க்கும் 7-க்கும் நடுவில் இருந்த 6 டாலர்தான் 'நீயும் நானும் சமமில்லை' என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்த சீட்டு. அதைத்தான் கிழித்தார்கள்.

இது பழைய கதை, வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச் 22 அன்று இந்தியா முழுக்க மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டினோம். மே 3 அன்று ராணுவ ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகள் மேல் பூத்தூவின. அதே ஆகஸ்டில், வீடு வீடாகப் போய் வேலை பார்த்த ஆஷா பணியாளர்கள் ஊதியமும் பாதுகாப்புக் கவசமும் கேட்டு நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. 2025 பிப்ரவரியில் கேரள ஆஷாக்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகம் முன்பு மறுபடி தெருவில் உட்கார்ந்தார்கள். அரசின் கணக்கில் அவர்கள் 'தன்னார்வலர்கள்'. தன்னார்வலருக்குச் சம்பளம் கிடையாது. இருப்பது மதிப்பூதியம். மதிப்பு தாராளமாக இருக்கிறது. ஊதியத்தைத்தான் காணோம்.

குளோரி கெட்ட சொல் என்று யாரும் சொல்லவில்லை. கோயிலிலும் சர்ச்சிலும் அது இருக்கட்டும். பூவுக்கும் மேகத்துக்கும் இருக்கட்டும். ஆனால் ஒரு முதலாளியோ, தளபதியோ, மந்திரியோ 'இது வேலை இல்லை, பெருமை' என்று தோளைத் தட்டினால் உஷாராகுங்கள். எவ்வளவு, எந்தத் தேதியில், யார் பெயரில் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், சனிக்கிழமை தவறாமல் சம்பளம் தரும் அந்த முட்டையிடமே வேலைக்குப் போகலாம்.