மண்டபத்தில் ஃபுல் எச்டி, கட்டாரில் சுற்றும் வட்டம்

கடந்த வருடப் பரிசளிப்பு விழாவை நேரலையாகக் காட்டுகிறோம் என்று நோட்டீஸ் அடித்து, வட்ஸ்அப் குழுமங்களில் எல்லாம் போட்டுவிட்டோம். "ஃபுல் எச்டி நேரலை" என்று பெரிய எழுத்தில் வேறு. முதல் நாள் மாலை மண்டபத்தில் அப்லோட் வேகத்தைச் சோதித்தபோது 9 மெகாபிட் காட்டியது. அந்தத் தைரியத்தில் 1080பி, 6000 கிலோபிட் என்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் பெற்றோர் வந்து நிறைந்தார்கள். எல்லார் கையிலும் ஃபோன், எல்லாம் ஒரே டவரில். எங்கள் ரவுட்டரும் அதே டவரை நம்பித்தான் இருந்தது. அப்லோட் 3 மெகாபிட்டுக்கும் கீழே இறங்கியது. போவது 6, வழி இருப்பது 3. சாதாரண தரத்தில் 9 ஏ எடுத்த மாணவியின் பெயரை மேடையில் வாசித்த நேரம், கட்டாரில் வேலை முடிந்த கையோடு ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்த அவளுடைய வாப்பா பார்த்தது சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தைத்தான். பிறகு அவர் கோபப்படவில்லை. "பரவாயில்லை சேர், ரெகோடிங் இருந்தால் அனுப்புங்க" என்றார். ரெகோடிங்கும் நாங்கள் எடுத்திருக்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறோம். கண்டியைச் சுற்றியுள்ள நமது பாடசாலைகள், மத்ரஸாக்கள், பள்ளிவாசல்கள் எல்லாம் இப்போது நேரலை செய்கின்றன. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடிய காலத்தில் தொடங்கிய பழக்கம், நல்ல பழக்கம். ஆனால் கமிட்டிகள் காசை இறைப்பது கெமராவுக்கு. 4கே கெமரா வாடகைக்கு எடுப்பார்கள். மைக் வயருக்கும் இணைய இணைப்புக்கும் காசு இல்லை என்பார்கள். இது தலைகீழான கணக்கு என்பது எங்கள் கருத்து.

நேரலையில் படம் முழுதாக ஒவ்வொரு தடவையும் போவதில்லை. சில செக்கனுக்கு ஒருமுறை ஒரு முழுப்படம் போகும். அதை கீஃப்ரேம் என்பார்கள். இடையில் போவது, முந்தின படத்திலிருந்து எது மாறியதோ அது மட்டும். எசல பெரஹராவை நினைத்துப் பாருங்கள். 2020இல் கொரோனாவால் வீதியில் பார்வையாளர் இல்லாமல் அது நடந்தபோது மக்கள் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள். இருட்டு, நூற்றுக்கணக்கான தீப்பந்தங்கள், மின்னும் உடைகள், ஆடிக்கொண்டே நகரும் கலைஞர்கள். ஒவ்வொரு கணமும் திரை முழுக்க மாறுகிறது. அதற்கு எவ்வளவு பிட்ரேட் கொடுத்தாலும் காணாது. நம் விழாவில் என்ன மாறுகிறது? பின்னால் அதே திரைச்சீலை, முன்னால் பேசுபவரின் கையும் வாயும். இதற்கு 720பி, 30 ஃப்ரேம், 2000 முதல் 2500 கிலோபிட் தாராளம்.

"அப்போ படம் மங்குமே" என்று எங்கள் ஆசிரியர் அறையிலேயே கேட்டார்கள். 1080பி என்றால் ஒரு படத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள், 720பி என்றால் 9 இலட்சம். இருக்கும் 2500ஐ 20 இலட்சத்துக்குப் பங்கு வைத்தால்தான் படம் கட்டம் கட்டமாக உடையும். பார்ப்பவர்களில் அநேகர் ஃபோனில்தான் பார்க்கிறார்கள். உள்ளங்கை அளவுத் திரையில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது அரிது. உண்மையில் படத்தைக் கெடுப்பது மண்டப இருட்டு. வெளிச்சம் குறைந்தால் கெமரா தானாகப் புள்ளி புள்ளியாக இரைச்சல் சேர்க்கும். அந்த இரைச்சலும் மாற்றம்தானே, அது பிட்ரேட்டைத் தின்றுவிடும். லைட்டைப் போடுங்கள், செலவில்லாத வேலை.

செட்டிங்ஸ் கேட்டு இன்பொக்ஸ் வருபவர்களுக்கு: ஓபிஎஸ் இலவச மென்பொருள், அதுவே போதும். கோடெக் எச்.264. எச்.265, ஏவி1 என்று புதியவை குறைந்த பிட்ரேட்டில் நல்ல படம் தருவது உண்மைதான், ஆனால் பாடசாலையின் பழைய லப்டொப் அவற்றைத் தாங்காது. 2003இல் வந்த எச்.264ஐ எல்லாத் தளங்களும் ஏற்கின்றன. பிட்ரேட்டை சிபிஆர், அதாவது மாறாத அளவில் வையுங்கள். கீஃப்ரேம் 2 செக்கன். யூடியூப் சொல்வதும் அதுதான். யூடியூபில் தாமதத்தை "நோர்மல்" என்றே விடுங்கள். நாம் கேள்வி பதில் நடத்தவில்லை, படம் சில செக்கன் பிந்திப் போனால் ஒன்றும் ஆகாது, தடங்கல் குறையும். விளையாட்டுப் போட்டி என்றால் கதை வேறு; ஓட்டப் பந்தயத்தில் திரை முழுக்க அசைவு. அங்கே பிட்ரேட்டைக் கூட்ட வழியில்லாவிட்டால் 480பிக்கு இறங்குவது மேல்.

எல்லாவற்றையும்விட, அப்லோட் வேகத்தில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். வெறும் மண்டபத்தில் சோதித்த வேகத்தை நம்பவே வேண்டாம், நாங்கள் பட்டது போதும். நமது ஊர்கள் மலைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருப்பவை. ஜன்னல் பக்கம் நான்கு கட்டை சிக்னல், மேடைப் பக்கம் ஒரு கட்டை. பக்கத்துக் காரியாலயத்தில் ஃபைபர் இருந்தால் அங்கிருந்து கேபிள் இழுங்கள். வை-பையை நம்பாதீர்கள்.

காசுக் கணக்கும் இருக்கிறது. 6000 கிலோபிட்டில் ஒரு மணித்தியாலம் 2.7 ஜிபி, 3 மணித்தியால விழா 8 ஜிபியைத் தாண்டும். 2500 என்றால் மூன்றரை ஜிபிக்குள் முடியும். பார்ப்பவர் பக்கமும் இதுதான். வீட்டில் ஒரேயொரு ஃபோனும் சின்ன டேட்டா பெக்கேஜும் வைத்திருக்கும் உம்மாமார் பார்க்கிறார்கள். யூடியூபில் 360பிக்கோ 240பிக்கோ மாற்றிப் பார்க்கலாம் என்பதை நோட்டீஸில் இரண்டு வரி எழுதினால் என்ன?

இனி, சத்தம். படம் போனால் மனிதர்கள் பொறுப்பார்கள், சத்தம் போனால் அடுத்த நிமிடம் வெளியேறிவிடுவார்கள். ஜும்ஆ பயானை ஃபோனின் மைக்கில் கடைசி வரிசையிலிருந்து அனுப்புகிறோம். மின்விசிறிச் சத்தம் தெளிவாகக் கேட்கிறது, மௌலவியின் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. நோயாளிகளும் வெளியே வர முடியாத வயதானவர்களும்தான் அதை அதிகம் கேட்கிறார்கள். ஒலிபெருக்கி மிக்ஸரிலிருந்து ஒரு வயரை லப்டொப்புக்குக் கொடுத்தால் முடிந்தது. ஒலிக்கு 128 கிலோபிட் போதும். மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. பிட்ரேட்டைக் குறைக்க வேண்டி வந்தால் படத்தில் குறையுங்கள், அந்த 128இல் கை வைக்காதீர்கள்.

நேரலை ஓடும்போதே லப்டொப்பில் தனியாக ரெகோட் ஆகவும் விடுங்கள். அதற்கு இணையம் தேவையில்லை, பிட்ரேட்டையும் தாராளமாக வைக்கலாம்.

எங்கள் விழா இந்த முறை அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ். நோட்டீஸில் "ஃபுல் எச்டி" இருக்காது. காரியாலயத்திலிருந்து மேடைவரை 40 மீட்டர் வருகிறது. அந்த நீளத்தில் நெட்வேர்க் கேபிள் வைத்திருக்கும் பழைய மாணவர்கள் யாரும் இருந்தால் இரண்டு நாளைக்கு இரவல் தாருங்கள். கட்டாரில் இருக்கும் அந்த வாப்பாவின் இளைய மகள் இம்முறை கிராஅத் ஓதுகிறாள்.