பறப்பதற்கு முன்னர் ஆயத்தம்



நம் இடுக்கி மாவட்டத்தில் இருப்புப்பாதை கிடையாது. புகைவண்டி ஏற விரும்பும் வண்டன்மேட்டுக் குடும்பத்தார் மலையிறங்கிப் போடிநாயக்கனூருக்கு வரவேண்டும். அந்தப் போடிப் பாதையும், அகலப்பாதையாக மாற்றும் பொருட்டு 2010-ஆம் ஆண்டு இறுதியில் மூடப்பட்டு, 2023 ஜூன் மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இருப்பினும், புகைவண்டி ஏறாத நம் மலையில் வானூர்தி ஒன்று இறங்கியிருக்கிறது என்பதை அன்பர்கள் அறிவார்கள். வண்டிப்பெரியாற்றை அடுத்த சத்திரம் என்னுமிடத்தில் தேசிய மாணவர் படைக்காக 650 மீட்டர் நீளத்தில் ஓடுபாதை அமைத்தார்கள். 2022 ஏப்ரலில் செய்த முயற்சி கைகூடவில்லை. ஜூலை மழையில் பாதையின் ஒரு பகுதி இடிந்து சரிந்தது. பின்னர் 2022 டிசம்பர் 1 அன்றுதான் இருவர் அமரும் சிறு விமானமொன்று நலமே வந்திறங்கியது. சிறியதோர் ஊர்தி மலையில் ஒருமுறை இறங்குவதற்கு இத்தனை ஆயத்தம் தேவைப்பட்டது.

இச்செய்தியை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. சென்ற திங்களில், ஏலக்காய் ஸ்டோரில் நெடுங்காலம் அடுப்புக் காத்த பெரியவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகன் இயந்திரத் தொழிலில் டிப்ளமா பெற்றவர், மருமகள் செவிலியர், பேத்திக்கு வயது இரண்டு. கிறிஸ்தவர்களான அவ்விளந் தம்பதியர், கடல் கடந்த நாடொன்றில் விமானம் ஓட்டி மிஷனெரி ஊழியம் செய்வதென்று உறுதி கொண்டுள்ளார்களாம்.

“தம்பி, நீங்கள் ரயில்வேயில் இருக்கிறீர்கள், நாலும் தெரிந்தவர். ஆகாய விமானத்தில் போய் ஊழியம் செய்வது என்பது உண்மையிலேயே உள்ள வேலைதானா? பச்சைக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறானே?” என்று கேட்டார்.

“உள்ள வேலைதான் ஐயா. சற்று அவகாசம் கொடுங்கள், விசாரித்துச் சொல்கிறோம்” என்றோம். அவ்வாறு விசாரித்து அறிந்தவற்றையே இம்மாதம் அன்பர்கள் முன் வைக்கிறோம். நம் வாசகர்களில் பல சமயத்தாரும் உளர். சமயத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், பிழைப்புக்காக ஊர் பெயர்ந்த நாம் அனைவரும் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இதில் இருக்கிறது.

முற்காலத்தில் மிஷனெரிமார் கப்பலேறியே வந்தனர். அமெரிக்க மருத்துவரான ஜான் ஸ்கடர், 1819-இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் புறப்பட்டுப் பல மாதங்கள் கடலில் கழித்தார். கல்கத்தாவை அடைந்தபோது அக்குழந்தையை அவர்கள் இழந்தார்கள். ஆயினும் திரும்பிச் செல்லாமல் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்தம் பேத்தியாகிய ஐடா ஸ்கடரே பிற்காலத்தில் வேலூர் மருத்துவமனையை நிறுவினார்.

கப்பல் கரையோடு நின்றுவிடும். கரைக்கப்பால் காடும் மலையும் சூழ்ந்த ஊர்களுக்கு எவ்வாறு செல்வது? இரண்டாம் உலகப் போரில் விமானப் பயிற்சி பெற்ற சிலர் இக்கேள்விக்கு விடை கண்டனர். 1945-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அவர்கள் தொடங்கிய சங்கமே இன்று மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் என்று வழங்குகிறது. அச்சங்கத்தின் முதற் பயணம் 1946 பிப்ரவரி 23 அன்று நிகழ்ந்தது. மெக்ஸிகோ நாட்டை நோக்கி அன்று விமானத்தை ஓட்டிச் சென்றவர் பெட்டி கிரீன் என்னும் பெண்மணி. போர்க்காலத்தில் மகளிர் விமானப் பிரிவில் பணியாற்றியவர் அவர்.

அந்த முதல் விமானம் சில மாதங்களிலேயே, வேறொருவர் ஓட்டுகையில் விபத்துற்று நொறுங்கியது. அதனைப் பழுது பார்ப்பதற்காக அனுப்பப்பட்டவர் நேட் செயின்ட் என்னும் இளைஞர். ராணுவ விமானப் பிரிவில் இயந்திர வேலை கற்றிருந்த அவர், தொலைவிலுள்ள அந்நாட்டுக்குச் சென்று உடைந்த பாகங்களைச் சீர்செய்தார். ஆகவே, பிற்காலத்தில் பெரும்பெயர் பெற்ற அந்த விமானியின் முதல் ஊழியம் கையில் ஸ்பானர் பிடித்ததேயாகும்.

இன்றும் இவ்வூழியத்துக்குச் செல்ல விரும்புவோர், விமானம் ஓட்டும் உரிமத்தோடு விமானப் பழுதுபார்ப்புத் தொழிலையும் கற்பது பெருவழக்காக உள்ளது. காட்டு நடுவில் இயந்திரம் கோளாறானால் ஒர்க்‌ஷாப்புக்கு எங்கே போவது? நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெறுவதற்கு 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். பல இலட்சம் ரூபாய் செலவாகும். உடற்பரிசோதனை மிகக் கடுமையானது. உரிமம் கிடைத்த பின்பும், மலைப்பாதையில் இறங்கும் பயிற்சி, செல்லும் நாட்டின் மொழிப் பயிற்சி என்று ஆண்டுகள் கழியும். பெரும்பாலான குடும்பங்கள் தங்கள் சம்பளத்துக்கான பணத்தையும் தாங்களே திருச்சபைகளிடமும் நண்பர்களிடமும் மாதாந்தர வாக்குறுதியாகத் திரட்டவேண்டும். இவையனைத்தும் முடிந்த பிறகே புறப்பாடு.

அங்கே அவர்கள் செய்யும் வேலை யாது? பப்புவா நியூகினி நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள மலையூர்களில் ஓடுபாதைகள் பல நம் கம்பம்மெட்டு ஏற்றத்தைப் போலச் சரிவாக இருக்கும். மேட்டை நோக்கி இறங்கவேண்டும். பள்ளத்தை நோக்கி எழும்பவேண்டும். போகும்போது மருந்து, கூரைத் தகடு, பள்ளிப் புத்தகம். வரும்போது மலையில் விளைந்த காப்பிக்கொட்டை மூட்டை. பிரசவம் தடைப்பட்ட தாயையும், மரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தவரையும் மருத்துவமனை சேர்ப்பதும் அதே விமானந்தான். ஏலக்காய் மூட்டையைத் தலைச்சுமையாக மலையிறக்கிய முதியோர் நம்மிடையே இருந்தார்கள். நோயாளியை நாற்காலியில் கட்டி ஒற்றையடிப் பாதையில் தூக்கிச் சென்றதை நம் தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாள் கணக்கான நடை நிமிஷக் கணக்காகக் குறைவதன் அருமை நமக்குப் புரியாததன்று.

இனிப் பெரியவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருவோம்: மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்லலாமா?

நேட் செயின்ட் 1948-இல் மார்ஜ் என்னும் செவிலியரை மணந்து, அவ்வாண்டிலேயே தென்னமெரிக்காவின் எக்வடோர் நாட்டில் ஷெல் மேரா என்னும் ஊரில் குடியேறினார். எண்ணெய்க் கம்பெனி கைவிட்டுப் போன முகாம் அது. கணவர் காட்டின் மேல் பறக்கையில், வீட்டிலிருந்த ரேடியோ மார்ஜ் அம்மையாரின் பொறுப்பு. விமானம் எங்கே இருக்கிறது, எப்போது இறங்கும் என்பதை அவர் நேரம் தவறாமல் குறித்து வைப்பார். வந்து போவோர்க்கு உணவும் படுக்கையும் அளிப்பார். மூன்று குழந்தைகளையும் வளர்ப்பார். பறந்தவர் ஒருவர்; ஊழியம் செய்தவர் இருவர்.

நேட் நுண்ணறிவு படைத்தவர். விமானம் இறங்க இடமில்லாத ஊரின் மேல் வட்டமிட்டபடியே நீண்ட கயிற்றில் வாளி ஒன்றைத் தொங்கவிடுவார். வட்டத்தின் நடுவே வாளி ஏறக்குறைய அசையாமல் நிற்கும். கீழுள்ளவர்கள் அதிலிருந்து மருந்தை எடுத்துக்கொள்ளலாம். இம்முறையைக் கொண்டே, அயலாரை அஞ்சிய வவோரானி என்னும் காட்டு மக்களுக்கு அவரும் நண்பர்களும் பரிசுப் பொருள்களை இறக்கினர். பின்னர் ஆற்று மணலில் விமானத்தை இறக்கினர். 1956 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலரை மணிக்கு ரேடியோவில் பேசுவதாக நேட் சொல்லியிருந்தார். மார்ஜ் அம்மையார் ரேடியோ அருகே அமர்ந்திருந்தார். நாலரை ஆயிற்று, குரல் வரவில்லை. ஐந்து ஆண்களும் ஈட்டிக்கு இரையாகியிருந்தனர்.

அந்த அம்மையார் உடனே தாயகம் திரும்பிவிடவில்லை. அந்நாட்டிலேயே தங்கிப் பணி தொடர்ந்தார். இறந்தவர்களுள் ஒருவரின் மனைவியாகிய எலிசபெத் எலியட், 1958-இல் தம் சிறு மகளோடும், நேட்டின் தமக்கை ரேச்சலோடும் அதே வவோரானி மக்களிடையே சென்று வாழ்ந்தார். பழிக்குப் பழி என்னும் வழக்கம் அம்மக்களிடையே தணிவதற்கு இவர்கள் வருகையும் ஒரு காரணமாயிற்று.

இதைப் படித்துவிட்டு, துணிவு ஒன்றே போதும் என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. 2018 நவம்பரில் நம் அந்தமானைச் சேர்ந்த வடக்கு சென்டினல் தீவுக்குச் சட்டத்தை மீறிச் சென்ற அமெரிக்க இளைஞர் ஒருவர் அம்பு பட்டு மாண்டார். வெளியார் வரவேண்டாம் என்பதை அத்தீவினர் பலமுறை உணர்த்தியுள்ளனர். நம்மைத் தொற்றும் சாதாரணச் சளிக்காய்ச்சலே அவர்களை அழித்துவிடக் கூடும். செல்பவரின் ஆர்வம் எத்துணைத் தூயதாயினும், அந்நாட்டின் சட்டமும் அவ்வூராரின் சம்மதமும் இன்றிச் செல்வது முறையன்று என்பதே நம் கருத்து.

நம் தமிழரிலும் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902-இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தில் பிற இடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டு, ‘நம்மால் ஏன் முடியாது?’ என்னும் எண்ணம் கொண்டார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. இந்தியரின் பணம், இந்தியரின் உழைப்பு, இந்தியரின் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. 1909-இல் அசரியா தாமே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்றார். அவர்தம் மனைவி அன்பு மரியம்மாளும் அப்பணியில் பங்குகொண்டார். தமிழ் பேசியவர்கள் தெலுங்கைக் கற்றார்கள். மொழி மாறிய நாட்டில் வாழ்வதற்கு முதல் ஆயத்தம் அம்மக்களின் மொழியே.

நாம் இவ்விடத்தில் நம் கதையையும் நினைக்கவேண்டும். நம் பாட்டன் பாட்டிமார் இடுப்பில் குழந்தையும் தலையில் சட்டிபானையுமாகக் கம்பம்மெட்டு ஏறி வந்தார்கள். அவர்களுக்கு ஆயத்தம் செய்ய நேரமில்லை, பசி துரத்தியது. மலையாளம் தெரியாமல் அலுவலகங்களில் நின்றார்கள். பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பது என்று தெரியாமல் ஆண்டுகளை இழந்தார்கள். ஆயத்தமின்றி ஊர் பெயர்வதன் விலையைக் கொடுத்தவர்கள் நாம். ஆதலால், விரும்பிப் போகிறவர்களாவது ஆயத்தத்தோடு போகட்டும்.

இதனையே பெரியவரிடம் சொன்னோம். “ஐயா, மகனைத் தடுக்காதீர்கள்; அவசரப்படுத்தவும் வேண்டாம். மூன்றே கேள்விகள் கேளுங்கள். மருமகளைத் தனியே அழைத்து, ‘இது உன் விருப்பமும்தானா அம்மா?’ என்று கேளுங்கள். பேத்தி எந்த மொழியில் படிப்பாள் என்று கேளுங்கள். பயிற்சிச் செலவை யார் தலையில் கடனாக ஏற்றப் போகிறார்கள் என்றும் கேளுங்கள்” என்றோம்.

பத்து நாள் கழித்து அவர் மீண்டும் வந்தார். முகத்தில் தெளிவு இருந்தது. மருமகளுக்கு மகனைவிட உறுதி அதிகம் என்று தெரிந்துகொண்டாராம். ஆனால் கடன் வாங்கக் கூடாது என்பதும் அப்பெண்ணின் கட்டளையாம். ஆகவே மகன் முதலில் சென்னையில் விமானப் பழுதுபார்ப்புத் தொழில் கற்பது, மருமகள் மருத்துவமனையில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்குவது, பறக்கும் பயிற்சியைப் பற்றி அதன்பின் யோசிப்பது என்று தீர்மானித்திருக்கிறார்கள். பேத்தியின் கேள்விக்கு மட்டும் இன்னும் விடையில்லை. விடையில்லை என்பதை மகன் மறைக்காமல் ஒப்புக்கொண்டதே தமக்கு ஆறுதல் என்றார் பெரியவர்.

“சரி தம்பி, போடியிலிருந்து சென்னைக்கு மூன்று டிக்கெட் வேண்டும். எப்போது எடுக்கலாம்?” என்று கேட்டார்.

அது நமக்கு நன்கு தெரிந்த வேலை. வண்டி புறப்படும் நாள்களை ஒரு தாளில் எழிதிக் கொடுத்தோம். பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்ப எண்ணும் நம் குடும்பத்தார் யாவரும், எந்தப் பணிக்காயினும், பெரியவரின் மூன்று கேள்விகளையும் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டுவிடுவது நலம்.