புதியதைக் கேட்குமுன் பழையதைக் கணக்கெடுப்போம்

மீள்குடியேறிய கிராமங்களுக்கு உதவி பெரும்பாலும் ஒரு பொருளாகவே வந்து சேர்கிறது. நீரிறைக்கும் இயந்திரம், மருந்து தெளிகருவி, லாண்ட்மாஸ்டர், சங்கக் கட்டடத்துக்கு ஒரு கணனி என்று அது பலவகைப்படும். கையளிக்கும் நாளில் படம் எடுக்கப்படும். எத்தனை வழங்கப்பட்டன என்பது அறிக்கையில் எழுதப்படும். மூன்று வருடங்களின் பின் அவற்றுள் எத்தனை ஓடுகின்றன என்று கேட்பவர் மிகச் சிலரே. அந்தக் கேள்வியை மற்றவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நாமே கேட்கத் தொடங்க வேண்டும்.

இலவசமாகக் கிடைத்த இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இலவசமாகக் கிடைப்பதில்லை. 2022 ஓகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததைத் தோட்டக்காரர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காற்று வடிகட்டி தூசியால் அடைத்துக்கொண்டால் இயந்திரம் கூடுதலான எண்ணெயைக் குடித்துக் கரும்புகையைக் கக்கும். உறிஞ்சு குழாயில் வெடிப்பு இருந்தால் அதே பாத்திக்கு நீர் பாய்ச்ச அதிக நேரம் ஓட வேண்டிவரும். பராமரிப்பில்லாத இயந்திரம் பணத்தையும் தின்கிறது, காற்றையும் கெடுக்கிறது.

பழுதாகி மூலையில் கிடக்கும் இயந்திரமும் சும்மா கிடப்பதில்லை. அதன் பழைய ஒயில் மண்ணில் கசிகிறது. வெடித்த பற்றரியிலிருந்து அமிலமும் ஈயமும் வெளிவருகின்றன. ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கியிருப்பது. மேலே ஊற்றியது கீழே இறங்க அதிக காலம் எடுக்காது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், மின் உற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பனியின் கழிவைக் கண்டிக்கும் நாம், எமது கிணற்றடியில் ஊற்றும் கழிவு ஒயிலையும் கவனிக்க வேண்டாமா?

சங்க அலுவலகங்களின் கதையும் இதுவே. திட்டம் முடிந்ததும் கணனியும் அச்சு இயந்திரமும் துணியால் மூடப்படுகின்றன. அடுத்த திட்டம் வந்தால் புதியவை வாங்கப்படுகின்றன. பழைய வகைக் கணனி ஒன்றைத் திரையுடன் தயாரிக்க 240 கிலோ எரிபொருளும், 22 கிலோ இரசாயனமும், 1,500 கிலோ நீரும் செலவாயின என்று ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழக ஆய்வொன்று 2004 இல் எடுத்துக்காட்டியது. எனவே ஒரு கணனியை இன்னும் மூன்று வருடம் பாவிப்பது சிறிய காரியமல்ல. 2022 இல் உலகம் கழித்துவிட்ட மின், இலத்திரனியல் பொருட்கள் 6 கோடியே 20 இலட்சம் தொன். அவற்றுள் முறையாகச் சேர்க்கப்பட்டதாகப் பதிவானது கால்பங்குக்கும் குறைவு.

இதற்கு மருந்து என்ன? முதலில் ஒரு தடித்த கொப்பி. பொதுவில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். என்ன பொருள், அதன் இலக்கம், கிடைத்த திகதி, யார் பொறுப்பு, எப்போது ஒயில் மாற்றப்பட்டது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது, யார் எடுத்துச் சென்றார், எந்த நிலையில் திருப்பித் தந்தார் என்பன அதில் இருக்கட்டும். கடைசி வரி முக்கியமானது: பாவனை முடிந்த பின் அது எங்கே போனது? ஓடாத இரண்டு இயந்திரங்களின் பாகங்களைக் கொண்டு ஒன்றை ஓடவைக்கலாம் என்பதும் இந்தக் கொப்பியைப் பார்த்தால்தான் தெரியும்.

"பசியோடிருப்பவனுக்குக் கொப்பி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முறைவைத்துப் பாவிப்பது எமக்குப் புதிதல்ல. பங்குக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் இறைப்பு முறை என்பதை எமது முன்னோர் பிசகாமல் காத்தனர். இடப்பெயர்வின்போது இயந்திரத்தைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நடந்தவர்களும் எம்மிடையே உள்ளனர். தன் பொருளை அப்படிக் காத்தவன், பொதுப்பொருள் துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஏன்? அதற்குப் பெயர் சொல்லக்கூடிய பொறுப்பாளி இல்லை என்பதே காரணம்.

உதவ வருவோரிடமும் நாம் கேட்கவேண்டியது உண்டு. பத்து இயந்திரங்களுக்குப் பதிலாக எட்டைத் தாருங்கள்; மிகுதிப் பணத்துக்கு உதிரிப்பாகங்களையும், ஊர் இளைஞர் இருவருக்குத் திருத்தும் பயிற்சியையும் தாருங்கள் என்று கேட்போம். உதிரிப்பாகம் அருகிலுள்ள பட்டினத்தில் கிடைக்காத இயந்திரம் வேண்டாம் என்று சொல்லும் துணிவும் எமக்கு வேண்டும். பழைய பற்றரிகளையும் ஒயிலையும் ஓரிடத்தில் மழைபடாமல் சேர்த்துவைத்து, முறையாகப் பொறுப்பேற்பவரிடம் ஒப்படைக்கும் ஒழுங்கைப் பிரதேச சபையிடம் கோருவோம்.

கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில், புதிய கோரிக்கைக் கடிதம் எழுதுமுன், களஞ்சியக் கதவைத் திறந்து உள்ளே இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். வரப்போகும் பொருளைவிட, ஏற்கெனவே கையிலுள்ள பொருளே முதலில் எம்மைக் காக்கும்.